நேரடி விற்பனையில் ஆள் சேர்க்கும்போது எழும் மறுப்புகளை எதிர்கொள்ளும் முறை

நெட்வொர்க் மார்க்கெட்டிங் எனப்படும் நேரடி விற்பனைத் தொழிலில் புதிதாக இறங்குபவரிடம் அவரைச் சேர்த்துவிட்ட மேல்நிலை விற்பனையாளர், அதாவது அவருடைய அப்லைன், முதலில் ஒரு பெயர்ப் பட்டியல் எழுதச் சொல்வார். அதற்கு அடுத்தபடியாக, மறுப்புகளுக்கான ஆயத்தப் பதில்களைக் கற்றுக் கொடுப்பார். நேரமில்லை என்பவரிடம் இன்னதைச் சொல்ல வேண்டும், பணமில்லை என்பவரிடம் இன்னதைக் கேட்க வேண்டும் என்று மனப்பாடம் செய்ய வைக்கும் அந்தப் பதில்களில் பெரும்பாலானவை, எதிரில் இருப்பவரின் வாயை அடைப்பதற்காகவே உருவாக்கப்பட்டவை. வாயடைக்கப்பட்டுச் சேர்ந்தவர், கேட்க நினைத்த கேள்வியைக் கேட்காமலேயே சேர்கிறார். சில மாதங்களில் அந்தக் கேள்வி அவர் வீட்டில் சண்டையாக வெடிக்கும்போது தொழிலும் போகிறது, உறவும் போகிறது.

மறுப்பு என்று நாம் பெயர் சூட்டும் பேச்சில் பெரும்பகுதி நியாயமான விசாரணை. அதற்குத் தாளும் கணக்கும் கொண்டு பதில் சொல்ல வேண்டும். வேறு சில மறுப்புகளுக்கு "நீங்கள் சொல்வது சரி, உங்களுக்கு இது வேண்டாம்" என்பதே உரிய பதில். எது எந்த வகை என்று பிரித்தறியத் தெரிந்தவரால்தான் இந்தத் தொழிலில் மனச்சாட்சியோடு ஆள் சேர்க்க முடியும் என்பது என் உறுதியான கருத்து.

பேசப் போகும் முன் உங்கள் நிறுவனத்தைப் பாருங்கள்

பிறருக்குப் பதில் சொல்லும் முன் உங்களுக்கே பதில் தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவில் இத்தொழிலை இப்போது நெறிப்படுத்துவது, 2021 டிசம்பரில் மத்திய அரசு அறிவிக்கை செய்த நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகள். நிறுவனத்துக்கு இந்தியாவில் பதிவு அலுவலகம் இருக்க வேண்டும். புகார்களைக் கவனிக்கக் குறைதீர்ப்பு அலுவலர் இருக்க வேண்டும். விற்பனையாளரோடு முன்கூட்டியே எழுத்து மூலம் ஒப்பந்தம் போட வேண்டும். மனம் மாறினால் அபராதமின்றி விலகிக்கொள்ள ஒரு கால அவகாசமும் தர வேண்டும். இந்த விதிகள், பொருள் விற்பனையைவிடப் புதிய ஆள் சேர்வதாலேயே பணம் வரும் பிரமிட் திட்டத்தையும் பணச் சுழற்சித் திட்டத்தையும் அடியோடு தடை செய்கின்றன. பணச் சுழற்சித் திட்டங்களுக்கு இவற்றுக்கு வெகு முன்பே, 1978-ஆம் ஆண்டிலேயே தனித் தடைச் சட்டம் வந்துவிட்டது. அதன்படி அத்தகைய திட்டத்தை நடத்துவது மட்டுமன்றி அதில் ஆள் சேர்ப்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

ஆகவே முதல் வேலையாக உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து, பணம் எதற்காகத் தரப்படுகிறது என்று வரி வரியாகப் படியுங்கள். பொருள் விற்றதற்குக் கமிஷன் என்றால் மேலே பேசலாம். ஒருவரைச் சேர்த்ததற்கே தொகை, இடது கால், வலது கால் எனப்படும் இரு கிளைகளிலும் ஆள் நிரம்பியதற்கே தொகை, சேருவதற்கென்றே ஒரு ஜாயினிங் கட்டணம் என்றிருந்தால், மறுப்புகளைக் கையாளும் எந்தக் கலையும் உங்களுக்கு உதவாது. உங்களிடம் மறுத்துப் பேசுபவர் சொல்வதே சரி. அங்கிருந்து முதலில் நீங்கள் வெளியே வாருங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எதிர்ப்புகளில் பாதியை நாமே அழைக்கும் விதத்தால் உண்டாக்கிக்கொள்கிறோம். "ஒரு முக்கியமான விஷயம் இருக்கு, போன்ல சொல்ல முடியாது, நேர்ல வாங்க" என்று கூப்பிட்டு, தேநீர் கொடுத்து, ஆள் சேர்த்தால் வருமானம் எப்படி வரும் என்ற பிளானைத் திடீரென்று வரைந்து காட்டும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. வந்தவருக்கு எழும் முதல் கோபம் பிளான் மீதானதன்று. தன்னை ஏமாற்றி வரவழைத்தார்களே என்பதுதான் அது. பேச்சைத் தொடங்கும்போதே தான் யார், எந்த நிறுவனம், எந்தப் பொருள், எந்த நோக்கத்துக்காக வந்திருக்கிறேன் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று 2021 விதிகளே நேரடி விற்பனையாளரைக் கட்டாயப்படுத்துகின்றன. அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் நுகர்வோர் வீட்டுக்குப் போகவும் கூடாது. "நான் இந்த நிறுவனத்தின் பொருளை விற்கிறேன், என்னோடு சேர்ந்து விற்க ஆள் தேடுகிறேன், அரை மணி நேரம் ஒதுக்க முடியுமா?" என்று தொலைபேசியிலேயே கேட்டால் பலர் வேண்டாம் என்பார்கள். அவர்கள் நேரில் வந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

"இது செயின் பிசினஸ்தானே?"

எல்லா மறுப்புகளிலும் இதுவே பெரியது. அதிகப் பொறுமையை வேண்டுவதும் இதுவே. நம் ஊரில் இந்தக் கேள்வி வெறும் சந்தேகத்தால் வருவதில்லை. 2012-இல் பெருந்துறைப் பக்கத்து ஈமு கோழித் திட்டங்கள் சரிந்தபோது நிலத்தை அடகு வைத்துப் பணம் கட்டிய குடும்பங்கள் இன்னும் கொங்கு நாட்டில் இருக்கின்றன. 2022-இல் ஆருத்ரா நிதி நிறுவனத்தில் போட்ட பணத்துக்காகக் காவல் நிலையத்தில் வரிசையில் நின்றவர்கள் வட மாவட்டங்களில் இருக்கிறார்கள். இவை நேரடி விற்பனை நிறுவனங்கள் அல்ல என்பது உண்மை. ஆனால் பணம் இழந்தவருக்கு அந்த வேறுபாடு முக்கியமில்லை: தெரிந்தவர் ஒருவர் வந்து நம்பிக்கையாகப் பேசினார், பணம் போயிற்று. அதை மதிக்காமல் "எங்களுடையது அப்படியல்ல" என்று பாய்ந்து பதில் சொல்பவர் அந்த இடத்திலேயே தோற்றுவிடுகிறார்.

முதலில் கேளுங்கள்: "உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ அப்படி ஏதாவது நடந்ததா?" அவர் சொல்லி முடிக்கும் வரை குறுக்கிடாதீர்கள். அதன் பிறகு, சட்டப்படியான நேரடி விற்பனைக்கும் பிரமிட் திட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே கேள்வியில் காட்டலாம்: நாளை முதல் புதிதாக ஒருவரும் சேரவில்லை என்று வைத்துக்கொண்டால், ஏற்கெனவே இருப்பவர்களுக்குப் பொருள் விற்றே வருமானம் வருமா? வரும் என்றால் அது வியாபாரம். வராது என்றால் பின்னால் வருபவரின் பணம்தான் முன்னால் வந்தவருக்குப் போகிறது.

"ஆளுக்கு ஆறு பேர் சேர்த்தால் போதும்" என்று பிளான் காட்டுபவர்கள் சொல்வதுண்டு. அந்தக் கணக்கை நீங்களே முழுமையாகப் போட்டுக் காட்டுங்கள். ஒருவர் ஆறு பேரைச் சேர்த்து, அந்த ஆறு பேரும் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்த்து, இப்படியே போனால், பத்தாவது படி நிறையும்போது மொத்தம் 7,25,59,411 பேர் வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கைக்குழந்தை உட்படத் தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகை 7,21,47,030. பத்துப் படி இறங்குவதற்குள் மாநிலமே தீர்ந்துவிடுகிறது. அதனால் எந்த நேரத்திலும் வலைப்பின்னலில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் அடிப்படியில்தான் இருப்பார்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். "உங்களுக்குக் கீழே ஆள் வராவிட்டாலும், பொருளை விற்று உங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்பதை மட்டும் பார்த்து முடிவு செய்யுங்கள்" என்று சேர்த்துச் சொன்னால், உங்கள் பேச்சை அவர் நம்பத் தொடங்குவார்.

விவரம் தெரிந்தவர்கள் ஆம்வே என்ற நேரடி விற்பனை நிறுவனத்தின் வழக்கை எடுப்பார்கள். அதற்கும் அஞ்சத் தேவையில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். 1979-இல் அமெரிக்க மத்திய வணிக ஆணையம் அந்த நிறுவனத்தை விசாரித்து, அது பிரமிட் திட்டம் அல்ல என்று முடிவு செய்தது. வாங்கிய சரக்கில் குறைந்தது 70 விழுக்காட்டை விற்றிருக்க வேண்டும், மாதம் பத்து வாடிக்கையாளருக்காவது விற்றிருக்க வேண்டும், விற்காத சரக்கை நிறுவனத் தரப்பில் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அந்நிறுவனம் வைத்திருந்த விதிகள் அந்த முடிவுக்கு முக்கியக் காரணம். அதே தீர்ப்பு, வருமானத்தை மிகைப்படுத்திச் சொல்வதை நிறுத்துமாறும் உத்தரவிட்டது. 2016-இல் ஹெர்பலைஃப் என்ற இன்னொரு நேரடி விற்பனை நிறுவனம் அதே ஆணையத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி 20 கோடி டாலர் செலுத்தியது. உண்மையான சில்லறை விற்பனையை அடிப்படையாகக் கொண்டு ஊக்கத்தொகை வழங்கும்படி தன் முறையை மாற்றிக்கொள்ளவும் ஒப்புக்கொண்டது. இந்தியாவில் 2022 ஏப்ரலில், திண்டுக்கல் மாவட்டத்துத் தொழிற்சாலை உட்பட ஆம்வேயின் 757.77 கோடி ரூபாய்ச் சொத்துகளை அமலாக்கத் துறை முடக்கியது. பிரமிட் முறை மோசடி என்பது அத்துறையின் குற்றச்சாட்டு. குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு. இவ்வளவையும் நீங்களே சொல்லிவிட்டால், அவர் இணையத்தில் தேடிப் பார்க்கும்போது நீங்கள் மறைத்தது என்று எதுவும் அகப்படாது.

"நீங்க எவ்வளவு சம்பாதிச்சீங்க?"

கூட்டங்களில் இந்தக் கேள்விக்கு, மேடையில் இருக்கும் லீடரின் கார் படத்தைக் காட்டச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். கேட்பவர் லீடரைப் பற்றிக் கேட்கவில்லை. தன்னைப் போன்ற ஒருவருக்கு, அதாவது உங்களுக்கு, கையில் என்ன நிற்கிறது என்று கேட்கிறார். அதற்கு ஒரு தாள் போதும். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவர் ஒரு மாதத்தில் 10,000 ரூபாய்க்குப் பொருள் விற்றார், சில்லறை லாபம் 2,000 ரூபாய், நிறுவனம் வங்கியில் போட்ட கமிஷன் 1,200 ரூபாய் என்று கொள்வோம். வரவு 3,200. செலவுப் பக்கத்தில், ஐ.டி., அதாவது விற்பனையாளர் பதிவு, ஆக்டிவாக இருப்பதற்காகச் சொந்த வீட்டுக்கு வாங்கிய பொருள் 1,500 ரூபாய். அதில் கடையில் எப்படியும் வாங்கியிருக்கக்கூடிய 600 ரூபாயைக் கழித்தால், கூடுதல் செலவு 900. பெட்ரோல் 500. மாதாந்தரக் கூட்டத்தின் நுழைவுச் சீட்டும் பேருந்துக் கட்டணமும் 700. தொலைபேசி, தேநீர் முதலியன 150. செலவு 2,250. கையில் நிற்பது 950 ரூபாய். இந்தத் தாளை மூன்று மாதத்துக்கு எழுதி வைத்திருப்பவரிடம் யாரும் மேற்கொண்டு வாதம் செய்வதில்லை. தொகை சிறிதாக இருக்கலாம். அது உண்மை என்பது தெரிகிறது. கணக்கு நட்டத்தில் முடிந்தால் அதையும் அப்படியே காட்டுங்கள். காட்ட மனம் வரவில்லை என்றால், ஆள் சேர்க்கும் வேலையை அதுவரை தள்ளிப் போட்டு, முதலில் பொருளை விற்றுப் பழகுவதே முறை.

நீங்கள் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை என்றால், "இன்னும் ஒன்றும் வரவில்லை, இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன்" என்பதே பதில். அதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை.

"பொருள் விலை அதிகமா இருக்கே"

அதிகமாக இருந்தால் அதிகம்தான். விளம்பரச் செலவு இல்லை, இடைத்தரகர் இல்லை என்று சொல்லிக்கொடுத்த வசனம் இங்கே எடுபடாது. இடையில் பல படிகளுக்குக் கமிஷன் போகிறது என்பது கேட்பவருக்கும் தெரியும். ஒருமுறை பயன்பாட்டுக்கு எவ்வளவு ஆகிறது என்ற கணக்கே உதவும். அதை வீட்டுச் சமையலறையிலேயே போட்டுப் பார்க்கலாம். எதிர்வீட்டு அக்கா ஒருவரிடம் பாத்திரம் துலக்கும் திரவத்தை ஒரு பெண் எடுத்துச் செல்கிறார் என்று கொள்ளுங்கள்.

"அக்கா, இது அரை லிட்டர் 250 ரூபா. ஒரு தடவைக்கு ஒரு மூடி, அஞ்சு மில்லி. நூறு தடவை வரும். தடவைக்கு ரெண்டரை ரூபா."

"எங்க வீட்டுல இருக்கறது அரை லிட்டர் 110 ரூபாதான் கண்ணு."

"அதை எவ்வளவு ஊத்துவீங்க? இந்த மூடியிலேயே ஊத்திப் பாருங்கக்கா."

அக்கா வழக்கமாக ஊற்றும் அளவு இரண்டு மூடி வருகிறது. பத்து மில்லி என்றால் ஐம்பது தடவை. தடவைக்கு 2 ரூபாய் 20 காசு.

"உங்களுதுதான் முப்பது காசு குறைச்சல்க்கா. இது கைக்கு எரிச்சல் இல்லாம இருக்குன்னு எனக்குத் தோணுது. ஒரு வாரம் உங்க வீட்டுலயே வெச்சுப் பாருங்க. பிடிக்கலைன்னா எடுத்துக்கறேன்."

250 ரூபாயும் 110 ரூபாயும் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோது இரு மடங்குக்கு மேல் தெரிந்த வித்தியாசம், முப்பது காசாகச் சுருங்கிவிட்டது. அதற்காகப் பொய் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. அக்கா வாங்காமலும் போகலாம். ஆனால் அடுத்த முறை இந்தப் பெண் பேசுவதை அவர் காது கொடுத்துக் கேட்பார். நான்கு பொருள்களுக்கு இப்படிக் கணக்குப் போட்டு நான்கிலும் உங்கள் நிறுவனப் பொருள் பெரிய வித்தியாசத்தில் தோற்றால், வெளியாருக்கு விற்கவே முடியாத சரக்கு அது. அப்படிப்பட்ட சரக்கை வாங்குபவர்கள் சேர்ந்தவர்கள் மட்டுமே என்ற நிலை வந்துவிடும். மேலே சொன்ன பிரமிட் திட்டத்தின் அடையாளம் அதுவே.

சத்துமாவு, மாத்திரை, பானம் விற்பவர்களுக்கு ஒரு சொல். விலைக்கு நியாயம் சொல்லப் போய், "சர்க்கரை நோய் குணமாகும், மாத்திரையை நிறுத்திவிடலாம்" என்று எந்தச் சூழலிலும் சொல்லாதீர்கள். சர்க்கரை நோய், புற்றுநோய் முதலானவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நிறுவனம் அனுமதிக்காத எதையும் பொருளைப் பற்றிச் சொல்லக் கூடாது என்கின்றன நேரடி விற்பனை விதிகள். சட்டத்தை விடுங்கள், உங்கள் பேச்சை நம்பி இன்சுலினை நிறுத்தும் ஒரு பெரியவருக்கு என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள். உணவுப் பொருளாக இருந்தால் புட்டியில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று காட்டுவதோடு நின்றுவிடலாம்.

வற்புறுத்தக் கூடாத இடங்கள்

"பணம் இல்லை" என்பவரிடம், "அதனால்தான் நீங்கள் கட்டாயம் சேர வேண்டும்" என்று திருப்பிப் போடும் உத்தி பயிற்சிக் கூட்டங்களில் மிகவும் புகழ்பெற்றது. எனக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது. நகையை அடகு வைத்தோ, மகளிர் குழுக் கடனை எடுத்தோ சரக்கு வாங்கச் சொல்பவர், தன் மாத இலக்குக்காக இன்னொரு வீட்டின் அடுப்பில் கை வைக்கிறார். அரசு 2016-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி சேருவதற்கு நுழைவுக் கட்டணமே கூடாது. ஆகவே பணம் இல்லாதவர் சேர முடியாது என்ற நிலையே இருக்கக் கூடாது. "முதலில் ஒரே ஒரு பொருளை, முன்கூட்டியே ஆர்டர் எடுத்து விற்றுப் பாருங்கள்; கையிருப்பு வாங்காதீர்கள்" என்று சொல்லலாம். அதற்கும் இயலாதவரை விட்டுவிட வேண்டும்.

"வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்பதும் இப்படிப்பட்டதே. "உங்கள் முடிவை நீங்களே எடுக்கத் தெரியாதா?" என்று சீண்டுவது மட்டமான உத்தி. கணவரோ மனைவியோ மாமியாரோ, யாரைக் கேட்க வேண்டுமோ அவரையும் உட்கார வைத்துச் சொல்ல முன்வாருங்கள். ஒப்பந்தத்தின் நகலை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். குடும்பத்துக்குத் தெரியாமல் போட்ட ஐ.டி. நிலைப்பதில்லை.

அரசு ஊழியர் தயங்கினால் அந்தத் தயக்கம் முற்றிலும் சரி. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 முன் அனுமதியின்றித் தனியார் வணிகத்தில் ஈடுபடுவதைத் தடுக்கின்றன. "மனைவி பெயரில் போட்டுக்கொள்ளலாம், சார்" என்று வழி சொல்லிக்கொடுத்து, வேலைக்கு உலை வைக்காதீர்கள்.

"நேரமில்லை" என்பவரிடம் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தேவைப்படுகிறது என்பதை உங்கள் நாட்குறிப்பிலிருந்து சொல்லுங்கள். முடியாது என்றால் வாடிக்கையாளராக மட்டும் இருக்கட்டும். "எனக்குப் பேச வராது" என்பவரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. பொருளைப் பற்றித் தெரிந்ததை மட்டும் சொல்லும் கூச்ச சுபாவிகள் நல்ல விற்பனையாளர்களாக வருகிறார்கள். ஆனால் "சொந்தக்காரங்ககிட்ட காசு வாங்க எனக்குக் கஷ்டமா இருக்கு" என்பவர் தன் இயல்பைச் சரியாக அறிந்திருக்கிறார். உறவினரல்லாத வாடிக்கையாளரைத் தேடும் வழி உங்களிடம் இருந்தால் அதைக் காட்டுங்கள், இல்லாவிட்டால் ஒப்புக்கொள்ளுங்கள்.

"பார்த்துட்டுச் சொல்றேன்" என்பதற்குத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் வேண்டாம் என்றே பொருள். முகத்துக்கு நேரே மறுக்கக் கூடாது என்ற நாகரிகத்தால் அப்படிச் சொல்கிறார்கள். ஒரே ஒரு முறை, ஒரு வாரம் கழித்து, "என்ன முடிவு செய்தீர்கள், வேண்டாம் என்றாலும் வருத்தமில்லை" என்று கேளுங்கள். இரண்டாம் முறை கேட்காதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் அவர் எண்ணை அனுமதியின்றிச் சேர்ப்பதும் கூடாது.

சரி என்று சொன்ன பிறகு

எளிதில் சம்மதித்தவரிடம்தான் கூடுதல் கவனம் வேண்டும். அவர் கேட்காமல் விட்ட கேள்விகளை நீங்களே எழுப்புங்கள்: விற்காத சரக்கை எத்தனை நாளுக்குள், எந்த நிலையில் திருப்பி எடுப்பார்கள், எத்தனை விழுக்காடு கழிப்பார்கள், மாதாமாதம் வாங்கியே ஆக வேண்டும் என்ற நிபந்தனை உண்டா, குறைதீர்ப்பு அலுவலரின் எண் எது. நிறுவனம் புகாரைக் காதில் போட்டுக்கொள்ளாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது என்பதையும் ஒப்பந்தத்தின் ஓரத்திலேயே எழுதிக் கொடுங்கள். அதன் பிறகு, அபராதமின்றி விலகுவதற்கான அவகாசம் முடியும் தேதியைக் கணக்கிட்டு ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் பேனாவால் குறித்து, அந்தத் தேதிக்கு மூன்று நாள் முன்னதாக அவரை நீங்களே தொலைபேசியில் அழைத்து, இன்னும் விருப்பம் இருக்கிறதா என்று கேளுங்கள். முதல் சரக்கு ஆர்டரை அந்த அழைப்புக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.